ஏசிக்குக் கீழே இருக்கச் சொன்னால் இருக்காதீர்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டில் சனிக்கிழமை இரவுகளில் போக்கர், அதாவது காசு வைத்து ஆடும் சீட்டாட்டம், நடக்கிறது. நோ லிமிட் (முன்னால் இருப்பதை முழுக்க வைக்கலாம்), 100/200 பிளைண்ட் (காட் பார்க்கும் முன்னே இருவர் வைக்க வேண்டிய தொகை), 20,000 ரூபாயோடு உட்காரலாம். யார் வீடு, எத்தனையாம் மாடி என்று எழுதப்போவதில்லை. ஏழு சனிக்கிழமைகளில் நான் அங்கே விட்டது இரண்டு லட்சத்து எழுபதாயிரம்.

முதல் நாள் வீட்டுக்காரர் வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். "தம்பி புதுசு, வேர்க்கும். ஏசிக்குக் கீழ இருங்கோ" என்றார். என்ன மரியாதை என்று நினைத்தேன். அந்த நாற்காலிக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கடலைப் பார்த்த கண்ணாடி. மேலே திரைச்சீலைக் கம்பி இருந்தது, கொக்கிகள் தொங்கின, சீலை மட்டும் இல்லை. கழுவப் போட்டிருக்கிறார்களாம். ஏழு கிழமையும் அது கழுவலில்தான் இருந்தது.

போக்கரில் கையில் ஆளுக்கு இரண்டு காட், மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து: முதலில் மூன்று (ஃப்ளொப்), பிறகு ஒன்று (டேர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). எனக்குப் பிடித்தவை டிரோ கைகள். இப்போதைக்கு ஒன்றுமில்லை, ஒரு காட் விழுந்தால் பெரிதாகிவிடும் என்ற நிலையில் இருக்கும் கை. ஃப்ளஷுக்கு (ஒரே இனத்தில் ஐந்து காட்) நாலு சேர்ந்துவிட்டால் மிச்சம் ஒன்பது காட் உதவும். ஃப்ளொப்பில் இருந்து ரிவர் வரை பார்த்தால் நூற்றுக்கு 35 தரம் விழும். இரண்டு பக்கமும் திறந்த ஸ்ட்ரெய்ட்டும் (வரிசையாக ஐந்து காட்; நாலு இருக்க, எந்த முனையில் விழுந்தாலும் சரி) அதோடு சேர்ந்தால் பதினைந்து காட், 54 தரம். ஆனால் டேர்னில் விழாவிட்டால் அந்த 54 ஒரேயடியாக 33க்கு இறங்கிவிடும். ஆகவே விழுவதை மட்டும் நம்பி இந்தக் கைகளில் காசு பார்க்க முடியாது. நான் காசு அடித்து ஏற்றும்போது எதிரே இருப்பவர் சிலவேளை பயந்து மடிக்க, அதாவது காட்ஸைப் போட்டுவிட்டு விலக, வேண்டும். எனக்கு விழுந்துவிட்டால், அது தெரியாமல் அவர் காசு கட்ட வேண்டும். லாபம் இந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

என் காட்ஸ் தெரிந்த ஒருவரிடம் இரண்டுமே நடக்காது. விழாதபோது பிடிப்பார், அதாவது நான் வைத்த அளவு தானும் வைப்பார்; விழுந்தபோது மடிப்பார். எனக்கோ இந்தக் கிழமை ராசி இல்லை என்றுதான் தோன்றும். ஏஸ் சோடி ஏழு கிழமை தொடர்ந்து தோற்றால் எவருக்கும் சந்தேகம் வரும். டிரோ விழாமல் தோற்றால் யாருக்கு வரும்?

மூன்றாம் கிழமை. கையில் ஹார்ட்ஸ் ஜாக்கும் பத்தும். ஃப்ளொப்பில் ஹார்ட்ஸ் ஒன்பது, ஹார்ட்ஸ் எட்டு, கிளப்ஸ் இரண்டு. அந்தப் பதினைந்து காட் கை இதுதான். 3,000 அடித்தேன். எனக்குச் சாய்வாக எதிரே இருந்த வீட்டுக்காரரின் மச்சான் பிடித்தார். டேர்ன் ஸ்பேட்ஸ் மூன்று. 8,000 அடித்தேன், பிடித்தார். ரிவர் கிளப்ஸ் கிங். என்னிடம் வெறும் ஜாக். மிச்சமிருந்த 22,000ஐயும் தள்ளினேன். வாயில் கொத்து ரொட்டி இருக்கும்போதே மச்சான் "கோல்", பிடிக்கிறேன், என்றார். அவர் காட்டியது இரண்டின் சோடி. இரண்டின் சோடியை வைத்துக்கொண்டு 22,000 ரூபாயைப் பிடிக்க என்ன துணிச்சல் வேண்டும் என்று வீடு வரும்வரை வியந்துகொண்டே வந்தேன்.

ஐந்தாம் கிழமை இதற்குத் தலைகீழ். ரிவரில் எனக்கு ஏஸ் ஃப்ளஷ் விழுந்தது. 12,000 ரூபாய்ப் பொட்டில் (நடுவில் சேர்ந்த காசு), பிடிக்கட்டும் என்று வெறும் 4,000 வைத்தேன். மச்சான் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு இரண்டு ஏழுகளை நிமிர்த்திப் போட்டு மடித்தார். மேசையில் ஏற்கனவே ஒரு ஏழு கிடந்தது. மூன்று ஏழுகளை அந்தச் சின்னத் தொகைக்கு மடிப்பவரை நான் கண்டதில்லை. மேசையே கைதட்டியது. நானும் தட்டினேன்.

இதில் என் தவறும் இருக்கிறது. நான் வளர்ந்தது 304 என்ற சீட்டாட்டம் ஆடும் வீட்டில். காட்ஸை விசிறி மாதிரி விரித்து நெஞ்சுக்கு நேரே பிடிப்பதுதான் கைப்பழக்கம். போக்கரிலும் அப்படியே தூக்கிப் பார்த்தேன். அவர்கள் பாவித்ததோ பெரிய எழுத்துக் காட்ஸ், கண்ணுக்குச் சுகமாம்.

ஏழாம் கிழமை மச்சான் பிந்திவிட்டார். ஏசிக்குக் கீழே வேறொரு பெடியன் இருந்தான், முதல் தரம் வந்தவன். எனக்குக் கிடைத்தது மச்சானின் நாற்காலி. இரண்டாவது கையோ மூன்றாவதோ, தற்செயலாக நிமிர்ந்தேன். வெளியே கடல் இருட்டு, உள்ளே வெளிச்சம். கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடி போலவே இருந்தது. பெடியனின் தோளுக்கு மேலால் இரண்டு குயின்கள், இடம் வலம் மாறி, பளிச்சென்று. கையில் இருந்த பத்துச் சோடியை மடித்துவிட்டேன். மடித்த பிறகுதான் நான் செய்தது என்னவென்று உறைத்தது. அந்த ஒரு கைக்கு நானும் கள்ளன்தான்.

எழுந்து போய் வீட்டுக்காரரைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கேட்டேன். "தோத்துப்போட்டுக் கதை சொல்லாதைங்கோ தம்பி. அது வெறும் யன்னல்" என்றார். அவர் ஒவ்வொரு பொட்டிலும் நூற்றுக்கு ஐந்து எடுப்பவர், ஆகவே யார் தோற்றாலும் அவருக்கு நட்டமில்லை. பெடியனிடம் வெளியே வைத்துச் சொன்னேன். நம்பினானோ தெரியாது, திரும்ப உள்ளே போனான்.

பொலிசுக்குப் போகலாமே என்று என் வீட்டில் கேட்டார்கள். அனுமதிப் பத்திரம் இல்லாத இடத்தில் காசு வைத்து ஆடினேன் என்று நானே போய் முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும். அது அந்த மேசைக்காரருக்கும் நன்றாகத் தெரியும்.

வீட்டு மேசைகளுக்குப் போகிறவர்கள் காட்ஸை மேசையில் படுக்க வைத்து, மேலே கை பொத்தி, பெருவிரலால் மூலையை மட்டும் கிளப்பிப் பாருங்கள். உட்காரும் முன் பின்னால் திரும்பிப் பாருங்கள். கண்ணாடி, டிவி திரை, சட்டம் போட்ட படம், எதுவானாலும். நாற்காலி மாற்றக் கேட்டால் என்ன முகம் காட்டுகிறார்கள் என்றும் கவனியுங்கள். உங்கள் ப்ளஃப்பை, அதாவது ஒன்றுமில்லாமல் பயங்காட்டி அடிப்பதை, குப்பைக் கையோடு பிடிக்கிறவரே, உங்களுக்கு விழுந்தபோது நல்ல கையையும் மடிக்கிறாரா? ஒரு தரம் என்றால் சரி. அதே ஆள், அதே நாற்காலி, இரண்டாம் தரமும் என்றால் சிப்ஸைக் காசாக மாற்றிக்கொண்டு எழும்புங்கள்.

நேற்று வீட்டுக்காரரிடம் இருந்து பழைய ஆட்கள் எல்லோருக்கும் ஒரு மெசேஜ் வந்திருக்கிறது, எனக்கும் சேர்த்து. சனிக்கிழமைக்கு ஒரு இடம் இருக்கிறதாம், புது ஆள் யாரும் இருந்தால் கூட்டிவரட்டாம், ஏசிக்குக் கீழே.