முயல்களைப் பழக்க வாங்கிய கம்பித் தடுப்பு: நான்கு மாதப் பாவனைக்குப் பின்

கடந்த மார்கழிக் கடைசியில், யாழ்ப்பாண நகரில் செல்லப்பிராணிகளுக்கான பொருள்கள் விற்கும் கடையொன்றில், எட்டுத் தட்டிகள் கொண்ட மடிப்புக் கம்பித் தடுப்பொன்றை 9,500 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியில் நாய்க்குட்டியின் படம் இருந்தது. உற்பத்தி செய்தவர் பெயர் இல்லை. கொக்குவிலில் எங்கள் வீட்டில் இரண்டு வருடமாகத் தனியே வளர்ந்த வெள்ளச்சி என்ற பெண் முயலையும், உறவினர் ஒருவர் கொண்டுவந்து தந்த கறுவல் என்ற ஆண் முயலையும் ஒன்றாக வாழப் பழக்குவதற்கே அதை வாங்கினேன். அதே நோக்கத்துடன் இத்தகைய தடுப்பை வாங்க நினைப்பவர்களுக்கு என் அனுபவம் உதவும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

தட்டி ஒன்றின் அகலம் 61 சென்ரிமீற்றர், உயரம் 76 சென்ரிமீற்றர். எட்டையும் சதுரமாக நிறுத்தினால் நாலடிக்கு நாலடி இடம் கிடைக்கும். தட்டிகளை இணைப்பவை நீண்ட கம்பி ஆணிகள்; மேலிருந்து செருகினால் போதும், கருவி எதுவும் தேவையில்லை. இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, விரும்பிய இடத்தில் ஆணியைக் கழற்றி எட்டை நான்கு நான்காகப் பிரிக்க முடிவதுதான். விறாந்தைச் சுவரை ஒரு பக்கமாக வைத்து, அருகருகே இரண்டு தடுப்புகளை அரைமணி நேரத்துக்குள் நிறுத்திவிட்டேன். முயல்களைப் பழக்குபவருக்கு வேண்டியது ஒரு பெரிய கூண்டல்ல, ஒன்றையொன்று பார்க்கக்கூடிய இரண்டு தனி இடங்கள். அந்த வகையில் இந்தத் தடுப்பு ஆயத்தமாகக் கிடைக்கும் மரக்கூடுகளைவிட மேலானது.

எங்கள் பக்கத்தில் பெரும்பாலானவர்கள் ஆணையும் பெண்ணையும் ஒரே கூட்டில் விட்டுவிடுவார்கள். முயலின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 31 நாள்கள். குட்டி ஈன்ற அன்றே தாய் மீண்டும் சினைப்படக்கூடும். குட்டிகள் பெருகுவது ஒருபுறம் இருக்க, முன்பின் அறியாத முயல்களை ஒரே இடத்தில் திடீரென விட்டால் அவை கடுமையாகச் சண்டையிடும். வளைகளில் கூட்டமாக வாழும் இனத்தில் வந்த விலங்குதான் முயல், ஆனால் தன் எல்லைக்குள் வரும் அந்நியரை அது பொறுப்பதில்லை. ஆகவே கார்த்திகை முதல் வாரத்திலேயே மிருக வைத்தியரிடம் கறுவலுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தோம். சிகிச்சைக்குப் பின்னரும் ஆண் முயல் ஆறு வாரம் வரை சினைப்படுத்தும் ஆற்றலுடன் இருக்கலாம் என்பதால், அந்தக் காலம் முழுவதும் இரண்டையும் வேறு வேறு அறைகளில் வைத்திருந்தோம். சிகிச்சைக்கு முதல்நாள் இரவு அம்மா அதற்குப் புல் போடாமல் விடப் பார்த்தார். முயலைப் பட்டினி போடக் கூடாது, அதற்கு வாந்தி வராது, குடல் ஓயாமல் இயங்கவேண்டும் என்று வைத்தியர் முன்கூட்டியே சொல்லியிருந்தது நல்லதாயிற்று.

இனித் தடுப்பின் பெரிய குறைக்கு வருகிறேன். கம்பிகளுக்கு இடையிலான வெளி ஒன்றரை அங்குலம். இது முயலுக்குப் பொருந்துமா என்று வாங்கும்போதே கேட்டேன், பொருந்தும் என்றார்கள். வளர்ந்த முயலின் தலை அதற்குள் நுழையாது என்பது உண்மை. ஆனால் மூக்கு நுழையும். தடுப்பை நிறுத்திய மூன்றாம் நாள் காலையில், கறுவல் கம்பிக்கு அருகே சென்று முகர்ந்துகொண்டிருந்தது. வெள்ளச்சி காதுகளைப் பின்னால் மடித்து, வாலை உயர்த்தி, உடலை முன்னால் நீட்டி நின்றது. அது கோபத்தின் அடையாளம் என்று எனக்குத் தெரிந்திருந்தும், இடையில் கம்பி இருக்கிறதே என்று பேசாமல் இருந்துவிட்டேன். ஒரு உறுமல், கம்பி அதிர்ந்த சத்தம். கறுவல் மூலைக்கு ஓடிவிட்டது. தூக்கிப் பார்த்தபோது மேலுதட்டின் பிளவுக்குச் சற்று மேலே அரிசிமணி அளவு கிழிந்து, மீசை மயிர்களில் இரத்தம் துளித்துளியாக நின்றது. வைத்தியர் காயத்தைச் சுத்தம் செய்து மருந்து தந்தார்; ஒரு வாரத்தில் ஆறியது. அன்று அது வழக்கமாக ஓடிவந்து வாங்கும் முருங்கையிலையைத் திரும்பியும் பார்க்காமல் மூலையில் குந்தியிருந்த காட்சி இன்னும் என் மனத்தை வருத்துகிறது.

அன்று பிற்பகலே ஹாட்வெயார் கடையில் அரை அங்குலக் கம்பி வலை வாங்கி, இரு தடுப்புகளும் ஒன்றையொன்று நோக்கும் தட்டிகளில் கேபிள் டையால் கட்டினேன். வலையை முயல்கள் இருக்கும் பக்கத்தில் அல்லாமல் வெளிப்பக்கத்தில் கட்டி, வெட்டிய நுனிகளை மடித்துவிட வேண்டும். நாகப் (துத்தநாகப்) பூச்சுள்ள கம்பியை முயல் தொடர்ந்து கடிப்பது அதன் உடலுக்குக் கேடு. அத்துடன் இரு தடுப்புகளுக்கும் இடையே ஒரு சாண் வெளியும் விட்டேன். இவ்வளவையும் செய்தபின்புதான் தடுப்பு முயலுக்கு உகந்ததாயிற்று. வலைக்கும் கேபிள் டைக்கும் ஆன செலவையும் சேர்த்தே அதன் விலையைக் கணக்கிட வேண்டும்.

உயரமும் போதாது. 76 சென்ரிமீற்றர் என்பது திடமான முயலொன்று வெருண்டால் தாண்டக்கூடிய உயரமே. பழைய நுளம்பு வலையொன்றை மேலே இழுத்துக் கட்டிவைத்தேன். அடித்தட்டு இல்லாததைக் குறை என்று சொல்லமாட்டேன். கம்பித் தளத்தில் நிற்கும் முயலுக்குப் பின்னங்கால் அடியில் புண் வரும். வழுக்கும் சீமெந்துத் தரையில் சாக்கை விரித்து, அதன்மேல் பழைய பனையோலைப் பாயைப் போட்டேன். பாயைக் கடித்துக் கடித்து ஓரம் முழுவதையும் தின்றுவிட்டார்கள் என்றாலும், வளர்ந்துகொண்டே இருக்கும் பற்களுக்கு அது நல்ல வேலைதான்.

தடுப்பின் உண்மையான பயன் அதற்குப் பின் வந்த வாரங்களில் தெரிந்தது. ஒவ்வொரு நாள் மாலையும் வெள்ளச்சியைக் கறுவலின் இடத்திலும் கறுவலை வெள்ளச்சியின் இடத்திலும் மாற்றி விட்டேன். மலசலத் தட்டையும் விரிப்பையும் மாற்றாமல் அப்படியே விட்டேன். மற்றதன் வாசனைக்குள் உண்டு உறங்கப் பழகுவதே இதன் நோக்கம். அறுகம்புல்லை வலையின் இருபுறமும் ஒரே நேரத்தில் வைத்தேன். முதலில் புல்லை இழுத்துக்கொண்டு தூரப் போய்த் தின்றவர்கள், தை மாத முடிவில் வலைக்கு அருகிலேயே பக்கவாட்டில் படுத்துத் தின்றார்கள்.

அதன் பின்னரே முதற் சந்திப்பு. அதற்குத் தடுப்பின் உட்புறம் உதவாது, ஏனெனில் இரண்டுமே அதைத் தமது எல்லையாகக் கருதிவிட்டன. இருவரும் முன்பு கால்வைக்காத அம்மாவின் அறையில், தட்டிகளை வட்டமாக நிறுத்திப் புதிய இடமொன்றை அமைத்தோம். பழைய கடகமொன்றைக் கவிழ்த்து, ஒன்று துரத்தினால் மற்றது அகப்பட்டுக்கொள்ளாதபடி இரு பக்கமும் வாசல் வெட்டி நடுவில் வைத்தேன். தடித்த தோல் கையுறையும், சண்டை மூண்டால் இடையில் நுழைக்கத் தும்புத்தடியும் அருகில் இருந்தன. வெறுங்கையை நடுவே நீட்டினால் கடிபடுவது நம் கைதான். முதல்நாள் பத்து நிமிடம் மட்டும். நான் இன்னும் கொஞ்சநேரம் விடலாமென்று பார்த்தபோது அம்மா, "பிள்ளை, நல்லா இருக்கேக்கையே தூக்கிவிடு, நாளைக்கும் நாள் இருக்கு" என்றார். அவர் சொன்னது மிகச் சரி. சண்டையில் முடியும் சந்திப்பைவிட, ஒன்றும் நடக்காமல் முடியும் சந்திப்பே அடுத்த நாளுக்கு உதவுகிறது.

ஐந்தாம் சந்திப்பில் கறுவல் வெள்ளச்சிமேல் ஏறியது. அது ஆதிக்கம் காட்டும் செயலும்கூட. பின்பக்கமாக ஏறினால் சில நொடி பொறுத்து விலக்கலாம், தலைப்பக்கமாக ஏறினால் உடனே எடுத்துவிட வேண்டும். ஆனால் நான் எதிர்பாராத விளைவொன்று அதில் இருந்தது. பெண் முயலுக்குச் சினைமுட்டை வெளிவருவதே புணர்ச்சியின் தூண்டலால்தான். மலட்டு ஆண் ஏறினாலும் அது தன்னைச் சினை என்றே உணர்ந்து, 16 முதல் 18 நாள்கள் வரை பொய்ச்சினையில் இருக்கும். மாசி நடுவில் வெள்ளச்சி தட்டியை மோதியது, என் கையைக்கூட அடித்தது. பின் ஒருநாள் காலையில் வாய்நிறையப் புல்லைச் சுமந்தபடி, நெஞ்சு மயிரைப் பிடுங்கிக் கடகத்துக்குள் மெத்தென்ற கூடொன்றைக் கட்டியது. சந்திப்புகளை நிறுத்திவிட்டு, இரண்டு தடுப்புகளையும் இன்னும் ஓரடி விலக்கிவைத்துக் காத்திருந்தோம். அவளுக்கும் சத்திரசிகிச்சை செய்திருந்தால் இந்தத் தடை வந்திராது. கருப்பைப் புற்றுநோயும் வயதான பெண் முயல்களிடம் அதிகம் என்பதால், அடுத்த மாதத்துக்கு நாள் குறித்திருக்கிறோம்.

மாசிக் கடைசியில் மீண்டும் பத்து நிமிடத்திலிருந்து தொடங்கினோம். பங்குனி இரண்டாம் வாரத்தில், கறுவல் தலையைத் தரையோடு தாழ்த்தி வெள்ளச்சியின் முன்னே நீட்ட, அது சற்று யோசித்து, பின் அதன் நெற்றியை நக்கத் தொடங்கியது. அம்மாவும் நானும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது இரண்டும் ஒரே கடகத்துக்குள் படுக்கின்றன. வைத்தியரிடம் ஒன்றைக் கொண்டுபோகும்போது மற்றதையும் கூடவே கொண்டுபோகிறோம். வாசனை மாறித் திரும்பும் துணையை மீண்டும் அந்நியமாகக் கருதக்கூடும்.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். முயலுக்கு வியர்ப்பதில்லை, உடல் வெப்பத்தைப் பெருமளவு காதுகளின் வழியேதான் வெளியேற்றுகிறது. சித்திரை வெக்கையில் கம்பித் தட்டிகள் விறாந்தையில் தொடமுடியாத அளவுக்குச் சூடாகின. துணி சுற்றிய பனிக்கட்டிப் போத்தல்களை உள்ளே வைத்தும், நண்பகலில் அறைக்குள் மாற்றியுமே சமாளித்தோம். சந்திப்புகளைத் தை, மாசி மாதங்களில் தொடங்கியது தற்செயல் என்றாலும், இனிச் செய்பவர்கள் தெரிந்தே அந்த மாதங்களைத் தேர்ந்தெடுக்கலாம். முற்றத்தில் இரவில் இந்தத் தடுப்பை நம்பவே வேண்டாம். கீரிக்கும் நாய்க்கும் அது ஒரு தடையல்ல.

நான்கு மாதத்தில் ஆணிகள் வளையவில்லை. கறுப்புப் பூச்சு முயல்கள் கடித்த இடங்களில் உரிந்து, இரண்டு மூலைகளில் துரு தெரிகிறது. பூச்சின் துகள்களைத் தினமும் கூட்டி எடுக்கிறேன். தட்டி நகரும்போது எழும் கலகல என்ற சத்தம் முதல் நாள்களில் முயல்களை வெருட்டியது. இணைப்புகளில் துணி சுற்றியபின் அடங்கியது. ஆயத்தமாகவே அரை அங்குல வலையுடன், 90 சென்ரிமீற்றர் உயரத்தில் இதே தட்டிகளை ஒட்டுத் தொழிலகமொன்றில் செய்விக்க முடிந்தால் அதையே செய்யச் சொல்வேன். அதற்கு வழியில்லாதவர்கள் இதை வாங்கலாம், ஆனால் வலையைக் கட்டி முடிக்கும் வரை முயல்களை அருகருகே விடக் கூடாது.

கோண்டாவிலில் என் மச்சாளும் தன் இரண்டு முயல்களைச் சேர்க்கப் போகிறாள். நான்கு தட்டிகளையும், கட்டிய வலையோடும் சுற்றிய துணியோடும், கடந்த ஞாயிறு அவளிடம் கொடுத்துவிட்டேன்.