கத்தரிக்காய் நிறத்தில் வாங்கினேன், கருப்பட்டி நிறத்தில் வைத்திருக்கிறேன்

பகலெல்லாம் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் இரும்பு கடைகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுப் பின்கட்டில் இருக்கும் சின்ன மர லேத்தில் பேனா, கிண்ணம், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பம்பரம். 2019-ல் ஆரம்பித்த பழக்கம். வேம்பு, பூவரசு, வாகை என்று விறகுக் கடைக் கட்டைகளில் கை பழகியதும் ஆசை வெளிநாட்டு மரங்களுக்குத் தாவியது. பேனா கட்டையிலிருந்து எட்டு அங்குலக் கிண்ணக் கட்டை வரை இதுவரை ஐந்தாறு பேரிடம் வாங்கியிருக்கிறேன். பார்சல் பிரித்த அன்றைக்கே எழுதிய பாராட்டுகள் எங்கும் கிடைக்கின்றன. அந்தச் சாமான்கள் இன்று எப்படி இருக்கின்றன என்பதுதான் எனக்குச் சொல்ல வேண்டியது.

முதலில் வாங்கியது பர்ப்பிள்ஹார்ட். அமேசான் காட்டு மரம். படத்தில் கத்தரிக்காய்த் தோல் மாதிரி மினுமினுத்தது. உளியை வைத்ததும் உள்ளே அழுக்குப் பழுப்பு. சாயம் பூசி ஏமாற்றிவிட்டான் என்று கோபப்பட்டு, கடைந்த பேனாவை ஜன்னலோரம் வீசிவிட்டேன். ஐந்தாறு நாளில் அது தானாக ஊதா ஏறி நின்றது. இந்த மரத்தின் குணமே அதுதான்: அறுத்த முகம் மங்கலாக இருக்கும், காற்றும் வெளிச்சமும் பட்டபின் ஊதா வரும். சரி, விற்றவர் நல்லவர்தான் என்று சமாதானமானேன். ஆனால் அதே வெளிச்சம் வேலையை அத்தோடு நிறுத்துவதில்லை. இன்று அந்தப் பேனா பழைய கருப்பட்டி நிறத்தில் இருக்கிறது. இதை ஒரு விற்பனையாளரும் எனக்குச் சொன்னதில்லை.

பாடாக்கும் இப்படித்தான். ஆப்பிரிக்க பாடாக்கைக் கடைந்தால் செங்காவித் தூள் பறக்கும். கொடியில் காய்ந்த வேட்டி ஒன்று அன்று சந்நியாசம் வாங்கிக்கொண்டது. அந்தச் செக்கச்செவேல் மூன்று வருடத்தில் செங்கல்லாகி, இப்போது வெறும் பழுப்பு. வேடிக்கை என்னவென்றால், பாடாக்கும் நம்மூர் வேங்கையும் செம்மரமும் ஒரே பேரினத்துப் பங்காளிகள். தண்ணீர் ஊற்றி வைத்தால் நிறம் மாறுமே, அந்தக் குவளை செய்கிற வேங்கைதான். கப்பல் ஏறி வந்த பங்காளிக்குக் கொடுத்த காசை நினைத்தால் இன்றும் கொஞ்சம் வயிறு எரிகிறது.

சொன்னபடி நின்றவை இரண்டு. கருங்காலி அன்றும் கருப்பு, இன்றும் கருப்பு. இன்னொன்று லிக்னம் விட்டே. கப்பல் சுழலித் தண்டுக்கு பேரிங்காகப் போட்ட மரம். உள்ளே ஊறியிருக்கும் பிசினே அதற்கு மசகெண்ணெய். பம்ப்பில் புஷ் மாற்றி மாற்றிச் சலித்தவனுக்கு இந்த மரத்தின் மேல் ஒரு தனி மரியாதை உண்டு. ஒரு கன மீட்டர் சுமார் 1,200 கிலோவுக்கு மேல், அதனால் வாளித் தண்ணீரில் போட்டதும் கல்லைப் போலக் கீழே போய் உட்கார்ந்தது. அதில் ஒரு கொட்டாப்புளி கடைந்தேன். வயதாக ஆகப் பச்சை ஏறிக்கொண்டே போகிறது. வாங்கிய நாளைவிட இன்று அழகு.

விலையைப் பற்றி ஒரு கணக்கு. பேனா கட்டை வழக்கமாக முக்கால் அங்குலச் சதுரம், ஐந்து அங்குல நீளம். ஒரு கன அடிக்கு 1,728 கன அங்குலம். வாள் தின்னும் தூளை விட்டுவிட்டால் ஒரு கன அடியில் 614 கட்டைகள். கட்டை 150 ரூபாய் என்றால் கன அடி 92 ஆயிரத்தைத் தாண்டுகிறது. சின்னத் துண்டு மலிவு என்று நினைத்து வருடக்கணக்கில் வாங்கினேன். இப்போதெல்லாம் இரண்டடிப் பலகையாக வாங்கி, நண்பர் பட்டறையில் அறுத்துக்கொள்கிறேன்.

பெரிய பாடம் 2021 ஏப்ரலில். ஈட்டி (ரோஸ்வுட்) என்று எட்டு அங்குல வட்டக் கட்டை வந்தது, சுற்றிலும் மெழுகு பூசி. இழையின் வெட்டுமுகம் வழியாக ஈரம் வேகமாக ஓடும், ஓடினால் வெடிக்கும், அதைத் தடுக்கத்தான் மெழுகு. எனக்கோ மெழுகு பூசியிருந்தால் காய்ந்த கட்டை என்ற நினைப்பு. ஒரே மூச்சில் மெல்லிசாகக் கடைந்து, பாலீஷ் போட்டு, ஷோகேஸில் வைத்தேன். ஒன்பதாம் நாள் ராத்திரி ‘டப்’ என்று ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் விளிம்பிலிருந்து அடிவரை விரல் நுழையாத குறையாக ஒரு கீறல். விற்றவருக்கு போன் போட்டேன்.

“மரம்னா வெடிக்கத்தானுங்க செய்யும்.”

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் பச்சைக் கட்டை என்று ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். அப்புறம்தான் முறையைக் கற்றேன். முதலில் முரட்டாகக் கடைய வேண்டும். எட்டு அங்குலக் கிண்ணம் என்றால் சுவர் முக்கால் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பிறகு அதன் சீவலோடு சேர்த்துக் காகிதப் பைக்குள் போட்டு, வாராவாரம் எடை. எடை இறங்குவது நின்றால்தான் இரண்டாம் கடைசல். தராசு சமையலறையுடையது. மைதா மாவில் மரத்தூள் இருக்கிறது என்று வீட்டில் சண்டை வந்தபின் எனக்கென்று தனித் தராசு வாங்கினேன். இதுவரை வாங்கிய கருவிகளில் அதிகம் உழைத்தது அந்த 400 ரூபாய்ச் சாமான்தான்.

பெயர் விஷயத்திலும் கவனம் வேண்டும். கருங்காலி என்று சித்த வைத்தியர் சொல்வது ஒரு மரம், தச்சர் சொல்வது வேறு மரம். முன்னது வேல மரத்தின் உறவு, பின்னது எபனி. கருங்காலி மணி மாலை மோகம் வந்தபின் கருப்பாக இருப்பதெல்லாம் கருங்காலி ஆகிவிட்டது. நான் ஒரு துண்டை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தேன், பஞ்சு கருத்தது. கடைந்து பார்த்தால் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே வெளுத்த மரம். இப்போது தாவரவியல் பெயரைக் கேட்காமல் வாங்குவதில்லை. கேட்டதும் எரிச்சல் காட்டுகிறவரிடம் அத்தோடு விட்டுவிடுவேன்.

ரசீதும் அப்படித்தான். 2017 ஜனவரி முதல் ஈட்டியின் பேரினம் அநேகமாக முழுவதும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின், அதாவது அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களை நாடுகளுக்கிடையே விற்பதைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின், இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. மெக்சிகோ பக்கத்து கோகோபோலோவும் இதில் அடக்கம். 2022-ல் பனாமா கூட்டத்தில் ஆப்பிரிக்க பாடாக்கும் சேர்ந்தது. நாடு விட்டு நாடு போகும் கட்டைக்கு அனுமதித் தாள் வேண்டும். சந்தனம், செம்மரம் பக்கம் நான் போவதே இல்லை, யாராவது காதோடு காதாக வந்து கேட்டாலும். கோகோபோலோ என்றதும் இன்னொன்று நினைவு வருகிறது: அதன் தூள் பட்டு முழங்கை வரை தடித்து ஒரு வாரம் சொறிந்தேன். முகமூடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் தொடாதீர்கள்.

மிகுந்த திருப்தி தந்தது எதிர்பாராத இடம், காரைக்குடி. இடித்த செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்கு அங்கே பழைய சாமான் கடைகளில் கிடைக்கிறது. ஒரு முறை முதிரை (சாட்டின்வுட்) துண்டும் சிக்கியது, வெண்ணெய் நிறத்தில் பட்டுப் போல மினுக்கும். எண்பது, நூறு வருடம் உத்தரத்தில் கிடந்து காய்ந்த மரத்துக்கு என் தராசு தேவைப்படவில்லை. நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடைபவர்கள் பழைய வீட்டு ஆச்சா மரத்தைத் தேடி எடுப்பதன் காரணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரே தொல்லை, உள்ளே புதைந்த ஆணி. காந்தம் வைத்துத் தடவிவிட்டு லேத்தில் ஏற்றுங்கள். நான் தடவாமல் ஒரு நல்ல உளியின் முனையைப் பறிகொடுத்தேன்.

இப்போது ஒரே ஒருவரிடம்தான் தொடர்ந்து வாங்குகிறேன். தண்ணீர் தொட்டுப் பளபளக்க வைத்துப் படம் எடுக்க மாட்டார், உலர்ந்தபடியே எடுப்பார். மெழுகு பூசிய தேதியையும் அன்றைய எடையையும் கட்டையிலேயே சாக்பீஸால் எழுதி அனுப்புவார். விலை மற்றவர்களைவிடக் கூடுதல், பதில் வர இரண்டு நாள் ஆகும். போகட்டும். போன கார்த்திகையில் அனுப்பிய ஆறு அங்குல ஈட்டியில் 1,480 கிராம் என்று எழுதியிருந்தது, கைக்கு வந்தபோது 1,455. முரட்டாகக் கடைந்து நிறுத்தபோது 610. அதற்குப் பிறகு வாராவாரம் நானும் சாக்பீஸால் எழுதி வருகிறேன். முந்தின வாரம் 522, போன வாரம் 518. இன்னும் நாலு கிராம் இறங்குகிறது, அதனால் பை அலமாரியிலேயே இருக்கட்டும்.