கண்ணை மறைப்பதா, வாயை மறைப்பதா?

ஆள் அடையாளம் தெரியக் கூடாது, ஆனால் முழு முகமும் மூட முடியாது. எந்தப் பாதியை மூடுவது: பார்க்கத் துளையுள்ள கண்மூடியால் மேல்பாதியையா, மூக்கையும் வாயையும் மறைக்கும் வாய்த்துணியால் கீழ்ப்பாதியையா? யாரிடமிருந்து மறைகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

தெரிந்தவர்களிடம்
கண்மூடி: புருவமும் கண்ணும் மறைவது பெரிய லாபம். சிரிப்பும் தாடையும் காட்டிக்கொடுத்துவிடும்.
வாய்த்துணி: அந்நியருக்குப் போதும். நெருங்கிப் பழகியவர் புருவத்தைப் பார்த்தே பெயர் சொல்லிவிடுவார்.

கேமராவிடம்
வாய்த்துணி: அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2020 ஜூலையில் 89 முகமறி மென்பொருள்களைச் சோதித்தது. மூக்கும் வாயும் மூடிய படங்களில் மிகச் சிறந்தவையே 5 முதல் 50 சதவீதம் வரை தவறின. மூக்கு எவ்வளவு மறைந்ததோ அவ்வளவு பிழை கூடியது. துணி மூக்குக்குக் கீழே நழுவினால் அந்தப் பலன் குறையும். பின்னால் வந்த மென்பொருள்கள் தேறிவிட்டன. வாய்த்துணியை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

அணிவதில்
கண்மூடி: பேச, சாப்பிடத் தடையில்லை. துளை சிறிதானால் பக்கப் பார்வை போய், படியில் கால் இடறும். துளையைக் கண்ணோர எலும்பு வரை அகலமாக வெட்டுங்கள்.
வாய்த்துணி: பேசப் பேச இறங்கும். மேல் விளிம்பில் வளையும் கம்பி வைத்துத் தைத்து மூக்குத்தண்டில் அழுத்தினால் நிற்கும். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிவதும் குறையும்.

குரலை இரண்டுமே மறைக்காது. வெனிஸின் பழைய பௌட்டா முகமூடி அதிலும் கெட்டி: முன்னே நீண்ட தாடை குரலை மாற்றியது, குடிக்கவும் இடம் விட்டது.

விருந்து, மேடை என்றால் கண்மூடி. கூட்டத்தில் கேமராவுக்குத் தப்ப வாய்த்துணியோடு, புருவம் வரை இறக்கிய தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் சேர்த்து.