இன்லைன் ஸ்கேட் பேரிங்: பல வருடம் ஓட்டிய பிறகு எதைச் செய்கிறேன், எதைச் செய்வதில்லை

சக்கரத்தின் நடுவில் இருந்து அதைச் சுற்றவைக்கும் பேரிங்கை அடிக்கடி கழற்றிக் கழுவினால்தான் ஸ்கேட் வேகமாக ஓடும் என்று புதிதாக ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் யாராவது சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். பல வருடங்களாக வழவழப்பான தளத்திலும் தூசி படிந்த சாலையிலும் ஈரத்திலும் ஓட்டிவிட்டுச் சொல்கிறேன், கழுவுவது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. அழுக்கு உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வதும், ஈரம் பட்ட அன்றே காய வைப்பதும்தான் பேரிங்கின் ஆயுளை நீட்டுகின்றன.

காரணம் இதுதான். புதுப் பேரிங் கிரீஸோடுதான் வருகிறது. அந்த கிரீஸ் உராய்வைக் குறைப்பதோடு, ஓரத்தில் வரும் தூசியை உள்ளே விடாமல் பிடித்தும் வைக்கிறது. ஒருமுறை கரைப்பானில் போட்டுக் குலுக்கிவிட்டால் அது மொத்தமாகப் போய்விடும், அதற்குப் பதில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சக்கரம் கையால் சுற்றும்போது பிரமாதமாகச் சுற்றும், ஆனால் எண்ணெய் சீக்கிரமே வெளியேறி, வழிந்த இடத்தில் தூசியைச் சேர்த்து, மறுபடியும் கழுவ வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்து விடும். விரலால் சுற்றிவிட்டு எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பார்ப்பது நல்ல சோதனையே இல்லை. கிரீஸ் உள்ள நல்ல பேரிங் வெறும் கையில் சீக்கிரம் நின்றுவிடும், உடல் எடை ஏறியதும் அந்த வித்தியாசம் காலுக்கே தெரியாது.

அதனால் ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் நான் செய்வது ஒன்றே ஒன்று: காய்ந்த துணியால் சக்கரத்தின் நடுப்பகுதியையும் ஷீல்டையும், அதாவது பேரிங்கின் பக்கவாட்டு மூடியையும், துடைப்பது. அவ்வளவுதான். சக்கரங்களை இடம் மாற்றிப் போடும்போது, அதாவது உள்பக்க விளிம்பு தேய்ந்ததற்காகத் திருப்பி மாட்டும்போது, ஒவ்வொரு சக்கரத்தையும் காதருகே வைத்துச் சுற்றிப் பார்ப்பேன். கரகரவென்று சத்தம் வருவதை மட்டும் தனியாக எடுத்து வைப்பேன். நான்கு சக்கர ஸ்கேட் ஒரு ஜோடியில் 16 பேரிங் இருக்கிறது, ஒன்று சத்தம் போடுகிறது என்பதற்காகப் பதினாறையும் கழுவுவது நன்றாக இருக்கும் பதினைந்தின் கிரீஸை வீணாக்கும் வேலை.

கழுவ எடுப்பதற்கு முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சக்கரத்தை ஸ்கேட்டோடு பிணைக்கும் போல்ட்டான ஆக்சிலை முழுக்க இறுக்கினால் சக்கரம் திணறுகிறது, கொஞ்சம் தளர்த்தினால் நன்றாகச் சுற்றுகிறது என்றால் பெரும்பாலும் குற்றம் அழுக்கில் இல்லை. இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஸ்பேசர் என்ற சிறு குழாய் இல்லை, அல்லது அளவு பொருந்தவில்லை, அல்லது பேரிங் சக்கரத்துக்குள் முழுதாக உட்காரவில்லை. இதை எத்தனை முறை கழுவினாலும் சரி செய்ய முடியாது. ஆக்சிலைத் தளர்த்தி வைத்தே ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன், ஓடும்போது அது கழன்று விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும்.

சரி, உண்மையிலேயே கழுவ வேண்டும் என்றால். ஸ்கேட்டில் வருவது பெரும்பாலும் 608 அளவு: உள் துளை 8 மி.மீ., வெளி விட்டம் 22 மி.மீ., அகலம் 7 மி.மீ. முதலில் மூடி எந்த வகை என்று பாருங்கள். ரப்பர் சீல் என்றால் உள் வளையத்தை ஒட்டிய விளிம்பில் குண்டூசியை விட்டு மெதுவாக நெம்பினால் வந்துவிடும். இரும்பு ஷீல்ட் என்றால் ஓரத்தில் மெல்லிய கம்பி வளையம் ஒன்று பிடித்திருக்கும், அதன் நுனியை ஊசியால் தூக்கி எடுக்க வேண்டும், தெறித்து ஓடிவிடும், விரலால் மூடிக்கொண்டு எடுங்கள். கம்பி வளையமே இல்லாமல் அழுத்திப் பொருத்திய ஷீல்டை எடுத்தால் திரும்பப் போட முடியாது. ஒரு பக்கம் மட்டும் அப்படி எடுத்துவிட்டு, திறந்த பக்கம் ஸ்பேசரைப் பார்த்திருக்கும்படி மாட்டிக்கொள்ளலாம், வெளித்தூசி அங்கே அவ்வளவாகப் போகாது.

கழுவ நான் நம்புவது ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். மூடி உள்ள கண்ணாடிப் பாட்டிலில் பேரிங் மூழ்கும் அளவு ஊற்றி, ஊறவிட்டுக் குலுக்கி, கறுத்த திரவத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றி, தெளிவாக வரும்வரை தொடர வேண்டும். கெட்டியான கிரீஸுக்கு மண்ணெண்ணெய் இன்னும் நன்றாக வேலை செய்யும், ஆனால் கடைசியில் ஆல்கஹாலில் ஒருமுறை அலசாவிட்டால் பிசுக்கு நிற்கும். அசிட்டோன் ரப்பர் சீலை உப்பவைத்துக் கெடுத்துவிடும், சீலைத் தனியாகச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், அதன் ஆவி எங்கேயோ இருக்கும் நெருப்பைக்கூடப் பிடித்துக்கொள்ளும். ஆல்கஹாலும் மண்ணெண்ணெயும் எரியக்கூடியவைதான், ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்கு எட்டத்தில் செய்யுங்கள்.

காய வைக்கும்போது காற்றை வேகமாக அடித்துப் பேரிங்கை விர்ரென்று சுற்றவிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. எண்ணெயே இல்லாத பால்ரஸ் குண்டுகள் அந்த வேகத்தில் வளையத்தில் உரசினால் மெருகு போய்விடும், கழுவியதற்கே அர்த்தமில்லை. துணியில் பரப்பிக் காயவிட்டாலே போதும். அப்புறம், பேரிங்குக்கு டபிள்யூடி-40 என்ற ஸ்ப்ரேயை அடிப்பது பற்றி. ஈரத்தை விரட்டவும் பிசுக்கைக் கரைக்கவும் அது உதவும், ஆனால் உள்ளே இருக்கும் கிரீஸையும் கரைத்துவிடும், நீண்ட நாள் உராய்வைத் தாங்கும் படலம் அதில் நிற்காது. அடித்தே ஆக வேண்டும் என்றால் பிறகு தனியாக எண்ணெயோ கிரீஸோ போட வேண்டும்.

எதைப் போடுவது? வழவழப்பான தளத்தில் மட்டும் ஓட்டுபவர்களுக்கு மெல்லிய எண்ணெய் சரி, ஒன்றிரண்டு சொட்டு, அதற்கு மேல் போனால் வழியும். சாலையில் ஓட்டுபவர்கள் கிரீஸ் போடுங்கள், உள்ளிருக்கும் இடத்தில் மூன்றில் ஒரு பங்கு நிரம்பினால் போதும். முதலில் கொஞ்சம் மந்தமாக இருக்கும், சிறிது தூரம் ஓட்டியதும் தானே பரவிச் சரியாகும். நான் சாலைக்கு கிரீஸ்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பேரிங் வாங்கும்போது பார்க்கும் ஏபெக் (ABEC) என்ற தர எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1, 3, 5, 7, 9 என்று வரும் அந்த எண் தயாரிப்பு அளவுகள் எவ்வளவு துல்லியம் என்பதை மட்டும் குறிக்கிறது, குண்டின் தரத்தையோ கிரீஸையோ சீலையோ அல்ல. 80 மி.மீ. சக்கரத்தில் மணிக்கு 30 கி.மீ. போனால் பேரிங் நிமிடத்துக்குச் சுமார் 2,000 முறை சுற்றும், சாதாரண 608 அதைப்போலப் பல மடங்கு வேகத்தைத் தாங்கும். எனவே ஏபெக் 9 தேடி அலைவதைவிட, கழற்றி மாட்டக்கூடிய ரப்பர் சீல் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். செராமிக் குண்டு துருப்பிடிக்காது, ஆனால் வளையங்கள் பெரும்பாலும் எஃகுதான், அவை துருப்பிடிக்கும்.

தண்ணீர்தான் பெரிய எதிரி. ஈரத்தில் ஓட்டினால் அன்றைக்கே சக்கரங்களைக் கழற்றி, துடைத்து, ஆக்சிலையும் காயவைத்து, எண்ணெய் விட்டுச் சுற்றிவிடுவேன், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் துரு தொடங்கிவிடும். மணல் இதைவிட வேகமாகக் கெடுக்கும்.

கழுவிய பிறகும் உள் வளையத்தை விரலில் மாட்டி மெதுவாகச் சுற்றும்போது ஒரே இடத்தில் தட்டுகிறதா? அங்கே குழி விழுந்துவிட்டது, எண்ணெய் அதை நிரப்பாது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள். அதை உள்ளே தள்ளும்போது நேராக, வெளி வளையத்தில் அழுத்தித் தள்ளுங்கள். நடுவில் அழுத்தினால் அந்த விசை குண்டுகள் வழியாகப் போய், புதுப் பேரிங்கே முதல் நாளில் அடி வாங்கிவிடும்.