பயோஷாக் இன்ஃபினிட்: வானத்தில் ஊர், அந்தரத்தில் அரசியல்

2013-ல் வந்த கேமுக்கு இப்போது எதற்கு விமர்சனம் என்று தோன்றும். ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையில் தள்ளுபடி போடும்போதெல்லாம் தெரிந்த பசங்க யாராவது "அண்ணா, அரசியல் பேசுற கேமாமே, வாங்கலாமா" என்று கேட்டுவிடுகிறார்கள், தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. கதையை முழுசாகப் போட்டு உடைக்கப் போகிறேன், இன்னும் விளையாடாதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலம் 1912. மேகத்துக்கு மேலே மிதக்கும் கொலம்பியா என்கிற நகரம். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அமெரிக்கா தன் பெருமைக்காகப் பறக்கவிட்டது, பிறகு சீனாவில் நடந்த பாக்ஸர் கலகத்தில் பீக்கிங்கைப் பொசுக்கியதில் வாஷிங்டனோடு முறைத்துக்கொண்டு தனியே பிரிந்து போனது. இது கேம் சொல்லும் கதை. அங்கே போய்ச் சேரும் புக்கர் என்பவனாகத்தான் நாம் விளையாடுகிறோம். ஆள்பவர் காம்ஸ்டாக், தன்னைத் தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொள்பவர். அமெரிக்காவைத் தோற்றுவித்த தலைவர்களைச் சாமியாகக் கும்பிடும் ஊர், லிங்கனைச் சுட்ட பூத்துக்குச் சிலை வைத்து, லிங்கனைச் சாத்தானாக வரைந்து வைத்திருக்கும் ஒரு கூட்டமும் உண்டு. ஆகாயத் தண்டவாளத்தில் கொக்கியை மாட்டிக்கொண்டு சர்ரென்று போய் எதிரி தலையில் குதிக்கும் சுகம் இன்னும் வேறு எந்த கேமிலும் எனக்குக் கிடைக்கவில்லை. கூட வரும் எலிசபெத் சண்டைக்கு நடுவில் சரியான நேரத்தில் தோட்டாவைத் தூக்கிப் போடுவாள், துணைக்கு வரும் கேரக்டர் என்றாலே தலைவலி என்று பழகியவர்களுக்கு அதுவே பெரிய ஆறுதல்.

பிரச்சினை, கேம் வாயைத் திறந்து அரசியல் பேச ஆரம்பிக்கும்போது வருகிறது.

ஆரம்பத்தில் ஒரு திருவிழா. பாட்டு, பலூன், பிள்ளைகள். ஒரு குலுக்கலில் நம் கையில் இருக்கும் 77-ஆம் எண் பந்துக்குப் பரிசு விழுகிறது. திரை விலகினால் ஒரு வெள்ளைக்காரனும் கறுப்பினப் பெண்ணும் கட்டப்பட்டு நிற்கிறார்கள், பரிசு என்னவென்றால் அவர்கள் மேல் முதல் பந்தை எறிவது. கூட்டம் சிரிக்கிறது. எனக்கு உண்மையிலேயே கை நடுங்கியது. சரி, ஜோடி மேல் எறியலாம், மேடையில் நின்று கத்துபவன் மேல் எறியலாம், சும்மாவும் நிற்கலாம். எதைச் செய்தாலும் போலீஸ்காரன் நம் கையைப் பிடித்து, காம்ஸ்டாக் எச்சரித்து வைத்திருக்கும் அடையாளத்தைப் புறங்கையில் பார்த்துவிடுகிறான், சண்டை தொடங்கிவிடுகிறது. பின்னால் எப்போதோ ஒருவர் வந்து நன்றி சொல்லி, மாட்டிக்கொள்ள ஒரு உடுப்பைக் கொடுப்பார். ஜோடியை அடித்திருந்தாலும் உடுப்பு உண்டு, கொடுப்பவர்தான் வேறு. அவ்வளவு பெரிய காட்சிக்கு மிச்சம் அதுதான்.

கேம் முழுக்க இந்தக் கதைதான். கடற்கரைப் பகுதியில் கறுப்பினத்தவருக்கும் ஐரிஷ்காரர்களுக்கும் தனிக் கழிப்பறை இருக்கிறது. ஃபிங்க் என்ற முதலாளியின் தொழிற்பேட்டையில் வேலையையே ஏலம் விடுகிறார்கள், யார் குறைந்த நேரத்தில் முடிப்பேன் என்கிறானோ அவனுக்கு வேலை. ஜார்ஜியாவிலிருந்து கறுப்பினக் கைதிகளைக் குத்தகைக்கு எடுக்கலாம் என்று ஃபிங்க் பேசிய பதிவு ஒன்று கிடைக்கும், அமெரிக்கத் தெற்கில் நிஜமாகவே இருந்த வழக்கம் அது. கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதை வைத்தே ஒரு முழு கேம் செய்திருக்கலாம். ஆனால் இனவெறியும் கூலிச் சுரண்டலும் இங்கே கறிவேப்பிலை மாதிரி, வாசனை வந்ததும் எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறார்கள்.

அடுத்து டெய்சி ஃபிட்ஸ்ராய். காம்ஸ்டாக் வீட்டில் வேலை பார்த்தவள், அவன் மனைவியைக் கொன்றதாகப் பழி சுமந்தவள், தொழிலாளர்களைத் திரட்டி வாக்ஸ் பாப்புலி என்ற படையைக் கட்டியவள். அவளுக்கு ஆயுதம் வேண்டும், அதற்காக நம்மைத் துப்பாக்கி செய்பவரிடம் அனுப்புகிறாள். ஆயுதத்தைக் கொண்டு சேர்த்தோமா? இல்லை. எலிசபெத் காற்றில் ஒரு கிழிசலைத் திறக்கிறாள், வேறொரு உலகத்துக்குள் போகிறோம், அங்கே ஒரு சிக்கல், மறுபடி கிழிசல், அங்கே போனால் ஆயுதமும் கிடைத்துப் புரட்சியும் பற்றி எரிந்துகொண்டிருக்கிறது! யார் பேசினார்கள், யார் பயந்து பின்வாங்கினார்கள், முதல் வேலைநிறுத்தம் எப்படி நடந்தது, எதுவும் கிடையாது. சட்டை மாற்றுவதுபோல உலகத்தை மாற்றிக்கொண்டு ஒரு போராட்டத்தையே தாண்டிப் போய்விட்டார்கள். அப்புறம் டெய்சி ஒரு சின்னப் பையன் தலையில் துப்பாக்கியை வைக்கிறாள், எலிசபெத் கத்தரிக்கோலால் குத்திக் கொல்கிறாள், காம்ஸ்டாக்குக்கும் இவளுக்கும் பெயரில்தான் வித்தியாசம் என்கிற மாதிரி நம் ஹீரோ புக்கர் தீர்ப்பு எழுதிவிடுகிறான்.

இந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. நான் புதுச்சேரிக்காரன். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர், மேற்கே கறுப்பர் என்று பிரித்துக் கட்டிய ஊர் இது. 1936 ஜூலை 30-ல் எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் கேட்ட மில் தொழிலாளர்களைப் பிரெஞ்சு அரசு சுட்டதில் 12 பேர் செத்தார்கள். வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் எட்டு மணி நேரம் சட்டமானது. சுட்டவனும் குண்டு வாங்கியவனும் ஒன்றுதான் என்று இங்கே யாராவது சொன்னால் டீக்கடையில் நிற்க முடியாது. புரட்சி தடம் மாறாது என்று நான் சொல்லவில்லை, எத்தனையோ மாறியிருக்கிறது. எப்படி மாறியது என்று காட்டு, அதுதானே கதை.

2014-ல் வந்த 'பரியல் அட் சீ' என்கிற கூடுதல் கதையின் இரண்டாம் பகுதியில் இதற்கு ஒட்டுப் போட்டார்கள். எலிசபெத்துக்காகவே பையனை மிரட்டும்படி டெய்சியிடம் வேறு ஆட்கள் சொல்லி அனுப்பினார்களாம். அதாவது, அவள் செத்ததும் எலிசபெத்தின் கதைக்காகத்தான். ஒட்டுப் போட்டதில் கிழிசல் பெரிதாகிவிட்டது.

உலகக் கட்டுமானமும் இப்படித்தான். குடித்தால் கையிலிருந்து நெருப்பும் காகமும் கிளம்பும் மருந்துகளைத் திருவிழாவில் கூவிக் கூவிக் கொடுக்கிறார்கள், ஆனால் ஊரில் ஓரிருவரைத் தவிர யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. அடுப்புக்குக்கூட இல்லை. 2007-ல் வந்த முதல் பயோஷாக்கில் அந்த மாதிரி மருந்துதான் கடலடி நகரத்தையே தின்று தீர்த்தது. அரசு தலையிடவே கூடாது என்று முழங்கி அந்த நகரத்தைக் கட்டிய ஆண்ட்ரூ ரயன் போட்டியாளரின் கம்பெனியைப் பறித்துக்கொள்வான். அங்கே முரண்பாடு ரயனுடையது. இங்கே எழுதியவர்களுடையது.

கடைசியில் காம்ஸ்டாக்கும் புக்கரும் ஒரே ஆள், ஒரு உலகத்தில் ஞானஸ்நானம் வாங்கிய புக்கர்தான் காம்ஸ்டாக் ஆனான், அந்த ஞானஸ்நானத் தண்ணீரில் அவனை அமுக்கினால் கொலம்பியாவே இல்லாமல் போகும் என்கிறார்கள். குலுக்கலில் கைதட்டிய அத்தனை பேரும்? கைதிகளைக் குத்தகைக்கு விட்ட ஜார்ஜியாக்காரனும்? அவன் கீழே தரையில்தானே இருக்கிறான்.

வாங்கலாமா என்றால், தள்ளுபடியில் வாங்கலாம், கொக்கிக்காகவும் எலிசபெத்துக்காகவும். பழைய கிராபிக்ஸ் கார்டிலும் ஓடும். நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது, செக்பாயின்ட் மட்டும்தான், நடுவில் கரண்ட் போனால் அந்தச் சண்டையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் யுபிஎஸ் இல்லாமல் விளையாடுபவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காதீர்கள்.