பூம்பாறையா, கொல்லிமலையா? காரில் போய் அமைதியாகத் தங்க எது சரி

மலையில் ஒரு சின்ன கிராமம், கூட்டம் கூடாது, இரண்டு மூன்று நாள் சும்மா இருந்துவிட்டு வர வேண்டும், அதுவும் சொந்தக் காரில். இப்படிக் கேட்டால் இப்போதெல்லாம் முதலில் வருகிற பதில் பூம்பாறை. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் கொல்லிமலையையும் சொல்வார்கள். சொன்ன கையோடு "ஆனா 70 கொண்டை ஊசி வளைவுப்பா" என்று பயமுறுத்தியும் விடுவார்கள். நாங்கள் இரண்டு இடத்துக்கும் குடும்பத்தோடு காரில் போய்த் தங்கியிருக்கிறோம். அடுத்த விடுமுறைக்கு எங்கே என்று வீட்டில் பேச்சு வந்தபோது கொல்லிமலை என்று சட்டென முடிவானது. என் மனசு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன், அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

கண்ணுக்கு அழகு என்று பார்த்தால் பூம்பாறைதான் ஒரு படி மேல், இதில் வாதமே இல்லை. கொடைக்கானலில் இருந்து சுமார் 18 கிலோமீட்டர் போனதும் ஒரு திருப்பத்தில் கிராமம் மொத்தமும் கீழே விரிந்து கிடக்கும். படிப்படியாக வெட்டிய வயல்கள், நடுவே ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு வண்ண வண்ண வீடுகள். குளிரும் அங்கேதான் அதிகம். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், பூம்பாறை அதைவிடக் கொஞ்சம்தான் கீழே. கொல்லிமலையின் ஊர்கள் 1,000 முதல் 1,300 மீட்டருக்குள் இருப்பவை. சித்திரை வெயிலில் அங்கே பகலில் ஃபேன் தேவைப்படும், ராத்திரிதான் குளுமை. குளிருக்காகவே மலையேறுகிறவர் என்றால் கோடையில் கொல்லிமலை உங்களுக்குச் சரிப்படாது. தங்கும் வீடுகளும் பூம்பாறைப் பக்கம் எண்ணிக்கையில் அதிகம், ஜோடனையும் அதிகம்.

சரி, அப்படியிருந்தும் ஏன் கொல்லிமலை? காரணம் ஒன்றே ஒன்று. அமைதியான கிராமத்துக்குப் போகிற வழி எந்த ஊருக்குள் புகுந்து போகிறது என்பதை யாரும் கேட்பதே இல்லை.

கொடைக்கானலுக்கு ஏற மூன்று பாதைகள் உண்டு. வத்தலக்குண்டு வழியாக ஒன்று, பழனி வழியாக ஒன்று, பெரியகுளம் பக்கம் அடுக்கம் வழியாக ஒன்று. மூன்றும் பெருமாள்மலையில் வந்து சேர்ந்துவிடும். அங்கிருந்து வெள்ளி நீர்வீழ்ச்சியைத் தாண்டி ஊருக்குள் போவது ஒரே சாலைதான். ஏரியைப் பார்க்க வந்தவரும், பூம்பாறைக்குப் போகிறவரும், அதற்கும் அப்பால் மன்னவனூர் ஆட்டுப்பண்ணைக்கும் ஏரிக்கும் போகிறவரும் அந்த ஒரு சாலையில்தான் நிற்க வேண்டும். ஊருக்குள் நுழைந்து, ஊரைக் கடந்து, மறுபடி குறுகலான பூம்பாறை ரோட்டில் ஏறினால்தான் நம் கிராமம். மூணாறுப் பக்கம் போகிற பழைய பாதையும் மூடிக் கிடப்பதால் வேறு வழியே கிடையாது. ஆக, பூம்பாறை எவ்வளவு அமைதியாக இருந்தாலும் அங்கே போவதற்கும் வருவதற்கும் கொடைக்கானலின் சனி ஞாயிறைக் கடந்தாக வேண்டும்.

இந்த நெரிசலைக் கட்டுப்படுத்தத்தான் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கையும் வைத்தார்கள். கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி. பாஸ் எடுப்பது கஷ்டமான வேலை இல்லை, போனிலேயே முடிந்துவிடும். ஆனால் உச்சவரம்பு நடைமுறையில் இருக்கும் மாதங்களில் கடைசி நேரத்தில் கிளம்ப முடியாது. பூம்பாறைக்கு மட்டும்தான் போகிறேன் என்றாலும் விலக்கில்லை, வழி அதுதானே. 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை இருக்கிறது. இதை நான் மனதார வரவேற்கிறேன், அந்த மலைக்கு அது அவசியம். ஸ்டீல் பாட்டில் எடுத்துப் போங்கள்.

இப்போது அந்த 70 வளைவுக்கு வருகிறேன். நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகப் போனால் காரவள்ளி அடிவாரம். அங்கே தொடங்கும் வளைவுகள் எண் போட்டபடி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, சோளக்காட்டை நெருங்கும்போதுதான் ஓயும். பயமுறுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. வளைவு எத்தனை இருந்தாலும் வண்டி நகர்ந்துகொண்டே இருந்தால் காருக்கு அது பெரிய சுமை இல்லை. மேட்டில் நின்று நின்று நகர்வதுதான் சுமை. முன்னால் இருபது வண்டி, பத்தடி நகர்வதும் நிற்பதுமாகப் போகும்போது நம்மில் பெரும்பாலோர் கிளட்சை முக்கால்வாசி மிதித்து வண்டியை அப்படியே மேட்டில் தாங்கிப் பிடிக்கிறோம். அந்தச் சமயத்தில் கிளட்ச் தகடு முழுதாகப் பிடிக்காமல் வழுக்கித் தேய்கிறது. கொஞ்ச நேரத்தில் கருகிய வாடை காருக்குள் வரும். வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் விடுமுறை நாளில் கண்ணாடியை இறக்கினால், நம் வண்டி இல்லாவிட்டாலும் பக்கத்து வண்டியில் இருந்து அந்த வாடை வரும். கிளட்ச் மாற்றுவது கியர்பாக்ஸையே கழற்றிச் செய்கிற வேலை, செலவும் அதற்கேற்ப. அப்படி மாட்டிக்கொண்டால் ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, கிளட்சில் இருந்து காலை எடுத்துவிட்டு நில்லுங்கள். முன்னால் இரண்டு கார் நீளத்துக்கு இடம் விழுந்த பிறகு ஒரே மூச்சில் நகருங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

ஏஎம்டி கார், அதாவது கியரைத் தானே மாற்றிக்கொள்கிற கார், வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கிளட்ச் பெடல் இல்லை என்பதற்காகக் கிளட்சே இல்லை என்று ஆகிவிடாது, அதற்குள்ளும் அதே தகடுதான். மேட்டில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து வண்டியை நிறுத்திப் பிடித்தால் அதுவும் சூடேறும். நான் ஓட்டுவது மேனுவல் வண்டி. ஏஎம்டி பற்றி நான் சொல்வது மைத்துனர் காரில் கூடப் போன அனுபவத்தில்தான், அதனால் உங்கள் வண்டியின் கையேட்டையும் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

கொல்லிமலைப் பாதையில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. மலை உச்சியில் பெரிய ஊர் கிடையாது. செம்மேடுதான் தலைமை ஊர், வல்வில் ஓரி சிலை நிற்கிற கடைவீதி. மற்றதெல்லாம் சிதறிக் கிடக்கிற சின்னச் சின்ன ஊர்கள். இரண்டாவது கியரில் போட்டு, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வெளிப்பக்கமாக அகலமாகத் திருப்பினால் முதல் பத்து வளைவுக்குள் கை பழகிவிடும். அரசுப் பேருந்து எதிரே வந்தால் மட்டும் ஒன்று செய்யுங்கள். பேருந்துக்கு வளைவு முழுவதும் வேண்டும், பாதியை நமக்கு விட்டுத்தர அதால் முடியாது. மேலே இருந்து ஹாரன் கேட்டதும் வளைவுக்குக் கொஞ்சம் கீழேயே இடது ஓரம் ஒதுங்கி நின்றுவிடுங்கள். முகப்பு நம் பக்கம் சாய்ந்து வந்து, அப்புறம் பின்பாகம் மெதுவாகப் பெருக்கிக்கொண்டு திரும்பும். ஓட்டுநர் ஜன்னல் வழியாகக் கையை அசைத்து "வா" என்பார், அப்போது ஏறினால் போதும். ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது சாலை விதி. ஆனாலும் வளைவின் நடுவில் பேருந்தோடு விதி பேசிக்கொண்டு நிற்க முடியாது.

வயிற்றைப் புரட்டும் என்பது மட்டும் நிஜம். பின்சீட்டில் போன் பார்த்துக்கொண்டு வருகிற பிள்ளைகள் கண்டிப்பாக வாந்தி எடுப்பார்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்க்கச் சொல்லுங்கள், நடுவில் வண்டியை ஒதுக்க இடம் கிடைத்தால் ஐந்து நிமிடம் இறங்கி நில்லுங்கள். வயதானவர்கள் கூட வந்தால் ராசிபுரம் பக்கம் முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு பாதை இருக்கிறது, அதில் வளைவுகள் குறைவு. அந்தப் பாதையில் நான் பகலில் மட்டுமே ஓட்டியிருக்கிறேன். இருட்டில் எப்படி இருக்கும் என்பதை அங்கே தங்கும் இடத்துக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேலே போன பிறகு என்ன இருக்கிறது? இங்கேதான் கொல்லிமலை எனக்கு நெருக்கமாகிறது. பூம்பாறையில் கிராமத்தைப் பார்க்கத்தான் எல்லாரும் வருகிறார்கள். அந்தத் திருப்பத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கும், குழந்தை வேலப்பர் கோயில் தெருவில் ஊர்க்காரர்களைவிட நம்மைப் போன்றவர்கள் அதிகமாக நடந்துகொண்டிருப்போம். பழனியைப் போலவே அங்கும் மூலவர் நவபாஷாணம், போகர் செய்தது என்பது நம்பிக்கை. வீட்டு வாசல்களில் கட்டுக்கட்டாகப் பூண்டு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு அதுதான், வாங்காமல் திரும்பாதீர்கள். சாயங்காலம் நாள்பயணக்காரர்கள் கிளம்பிய பிறகு பூம்பாறை நிஜமாகவே அடங்கிவிடும். அதுவரைக்கும் அது ஒரு பார்வையிடம்.

கொல்லிமலையில் கூட்டம் எங்கே போகும் என்பது முன்கூட்டியே தெரியும். அறப்பளீஸ்வரர் கோயில், அதன் பக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிப் பார்க்கிற ஆகாய கங்கை, அப்புறம் மாசிலா அருவி. ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும்போது மலை முழுவதும் கூட்டம், அந்த நாட்களில் அமைதியைத் தேடிப் போகாதீர்கள். மற்ற நாட்களில் இந்த மூன்று இடத்தில் இருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டால் உங்களைத் தேடி யாரும் வர மாட்டார்கள். சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி மிளகுக்கொடி, கீழே காப்பிச் செடி, நடுவில் பலா. ஒற்றையடிப் பாதையில் நடந்தால் எதிரே வருகிறவர் நின்று எந்த ஊர் என்று விசாரித்துவிட்டுத்தான் போவார். நாங்கள் தங்கிய இடத்தில் காலை எட்டு மணிவரை முற்றத்தில் பனி இறங்கியிருந்தது. சாக்கில் காய வைத்த மிளகை ஒரு பாட்டி காலாலேயே கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். பச்சையாக இருந்தது கறுத்துச் சுருங்க எத்தனை வெயில் வேண்டும் என்று என் மகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது பாதி நாளுக்கு மேல் நீண்டது. பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஒரு பட்டியல் கையில் இருந்திருந்தால் அதற்கு நேரம் கிடைத்திருக்காது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தங்கும் இடங்கள் எளிமையானவை, படத்தில் பார்ப்பதற்கும் நேரில் இருப்பதற்கும் சில இடங்களில் வித்தியாசம் இருக்கும். சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். போன் சிக்னல் வந்து வந்து போகும், வேலை பார்த்துக்கொண்டே தங்க நினைப்பவர்கள் முதலில் அதை விசாரியுங்கள். பெட்ரோலை நாமக்கல்லிலோ சேந்தமங்கலத்திலோ நிரப்பிக்கொண்டு, கையில் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். குரங்குகள் இரண்டு மலையிலும் உண்டு, வளைவுகளில் நின்று தீனி போடாதீர்கள். அதைப் பார்த்துத்தான் அவை வண்டிச் சக்கரத்துக்குள் ஓடி வருகின்றன.

மழைக்காலம் பற்றி எனக்கு அனுபவம் குறைவு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த இரண்டு மலைப்பாதையிலும் நான் ஓட்டியதில்லை. மண் சரிவு இரண்டு பக்கமும் நடப்பதுதான், அந்த மாதங்களில் கிளம்பும் முன் தங்கும் இடத்தில் பாதை நிலவரத்தைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

பூம்பாறையையே தேர்ந்தெடுத்தால் செவ்வாய் ஏறி வியாழன் இறங்குகிற மாதிரி வையுங்கள், விடியற்காலையில் கொடைக்கானலைத் தாண்டிவிடுங்கள். அப்படிப் போனால் நான் மேலே புலம்பியதில் பாதி உங்களுக்கு வராது. விடுமுறை சனி ஞாயிறில்தான் கிடைக்கும் என்கிறவர்களுக்கு, அதாவது நம்மில் பெரும்பாலோருக்கு, கொல்லிமலைதான் என் பதில்.

இறங்கும்போது எந்த மலையானாலும் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் விட்டால் வண்டியின் முழு எடையும் பிரேக் மேல் விழுந்து, அது சூடேறிப் பிடிமானம் குறையும். பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்குவதுபோல் தெரிந்தால் ஒதுக்கி நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் மேலே 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். இறக்கத்தில் மோட்டார் வண்டியைப் பிடித்து வேகத்தைக் குறைத்தபடியே மின்சாரம் உண்டாக்கும். பேட்டரி நிறைந்திருந்தால் அதை வாங்கிக்கொள்ள இடம் இருக்காது, மோட்டார் தருகிற அந்தப் பிடிமானமும் அப்போது கிடைக்காது. மதியச் சாப்பாட்டை முடித்துக் கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே காரவள்ளிக்கு வந்துவிடலாம். கிளம்பும் முன் சோளக்காடு சந்தையில் மிளகும் வாழைப்பழமும் வாங்க அரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.