ஜேமீட்டர் சிஎஸ்வி டேட்டா செட்: பழகிய கைக்கும் தீராத எரிச்சல்

முன்பு என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் இப்போது வேறொரு நிறுவனத்தில் சுமைச் சோதனைக் குழுவுக்கு, அதாவது ஒரே நேரத்தில் பலர் நுழைந்தால் செயலி தாங்குமா என்று பார்க்கும் குழுவுக்குப் பொறுப்பேற்றிருக்கிறார். "டெஸ்ட் டேட்டா முழுவதையும் இங்கே எக்செல் தாளில்தான் வைத்திருக்கிறார்கள். அதை சிஎஸ்வி ஆக்கி ஜேமீட்டரில் கொடுத்துவிட்டால் போதாதா? டேட்டாவுக்காக மட்டும் காசு கொடுத்து வேறு கருவி வாங்க வேண்டுமா?" என்று கேட்டிருந்தார். ஜேமீட்டர் என்பது இந்தச் சோதனைக்கான இலவசக் கருவி; சிஎஸ்வி என்பது மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வரி வரியாக எழுதிய வெறும் உரைக் கோப்பு. கேட்ட நேரம் சரியில்லை. அன்று மாலைதான் ஒரு சோதனை ஓட்டத்தின் முடிவுகளை முழுவதுமாகத் தூக்கிப் போட்டிருந்தோம். சர்வரில் கோளாறு இல்லை, ஸ்கிரிப்ட்டில் கோளாறு இல்லை, தரவுக் கோப்பில் கோளாறு. இரண்டு வரியில் போயிருக்க வேண்டிய பதில் அதனால்தான் இவ்வளவு நீளமாகிவிட்டது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல மனம் வராது. ஜேமீட்டரில் தரவுக் கோப்பைப் படித்துக் கொடுக்கும் பகுதியான சிஎஸ்வி டேட்டா செட் கான்ஃபிக், கோப்பை வரி வரியாகத்தான் படிக்கிறது. முழுக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றி வைத்துக்கொண்டு மூச்சுத் திணறுவதில்லை. லட்சக்கணக்கான வரிகள் உள்ள கோப்பைச் சாதாரண மடிக்கணினியில் வைத்தே ஓட்டலாம். கே6 என்ற இன்னொரு சுமைச் சோதனைக் கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். அங்கே எல்லோரும் ஒரே பிரதியைப் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டுஅரே வரும்வரை, கருவி உருவாக்கும் ஒவ்வொரு மெய்நிகர் பயனரும் தனக்கென ஒரு பிரதியை வைத்துக்கொண்டு நினைவகத்தைத் தின்றார்கள். கோப்பின் பாதையைச் சோதனைத் திட்டம் இருக்கும் இடத்தை ஒட்டியே எழுதலாம் என்பதால், என் கணினியில் ஓடியது பக்கத்து மேசையிலும் ஓடும். காற்புள்ளி வேண்டாமென்றால் டேப் வைத்துக்கொள்ளலாம். ஒரு கோப்பைத் திறந்து வரிசையாக வரிகளை எடுத்துக் கொடுக்கும் வேலையில் இது ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை.

ஆனால் கொடுத்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளாது. என் எரிச்சல் முழுவதும் இந்த ஒன்றில்தான்.

ஓட்டம் தொடங்கும்போது முதல் வரி. நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினால் மறுபடியும் முதல் வரி. நேற்று எதுவரை போனோம், எந்தெந்த வரிகள் செலவாகிவிட்டன என்ற கணக்கே கிடையாது. ரேஷன் கடைக்காரர் அட்டையில் பதியாமலே சரக்கை எடுத்துக் கொடுப்பது போன்றது இது. பயனர் பெயர், கடவுச்சொல் என்று உள்ளே நுழைந்து கணக்கு இருப்பைப் பார்த்துவிட்டு வெளியேறும் சோதனைக்கு இதனால் பாதகமில்லை. அதே பயனர் நாளையும் நுழையலாம். ஒருமுறை பயன்படுத்தினால் தீர்ந்துபோகும் தரவு இருக்கிறதே, அங்கேதான் வம்பு. கூப்பன் எண், கடன் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் விண்ணப்பம், ரத்து செய்ய வேண்டிய டிக்கெட். ரத்தான டிக்கெட்டை இன்னொரு முறை ரத்து செய்ய முடியாது.

இரண்டாவது ஓட்டத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஸ்கிரிப்ட் முதல் வரியில் உள்ள டிக்கெட்டை ரத்து செய்யக் கேட்கிறது. "ஏற்கெனவே ரத்து செய்யப்பட்டது" என்று சர்வர் ஒரு பக்கத்தை அனுப்புகிறது. பல செயலிகள் இந்தச் செய்தியையும் 'எல்லாம் சரி' என்று பொருள்படும் 200 என்ற நிலைக் குறியோடுதான் அனுப்பும். பதிலில் உள்ள வாசகத்தைச் சரிபார்க்கும் அசர்ஷன் வைக்கவில்லையென்றால் ஜேமீட்டருக்கு அது வெற்றிதான். இருக்கையை விடுவிப்பது, பணத்தைத் திருப்புவது, குறுஞ்செய்தி அனுப்புவது என எந்த வேலையும் செய்யாமல் வெறும் மறுப்பு மட்டும் சொல்வதால் பதில் நேரம் முதல் ஓட்டத்தைவிட அருமையாக இருக்கும். வேகம் கூடிவிட்டது என்று கூட்டத்தில் கைதட்டல்கூட விழும். அப்படி விழுந்த கைதட்டலை நான் நேரில் கேட்டிருக்கிறேன்.

ஓட்டத்தைப் பாதியில் நிறுத்தினால் நிலைமை இன்னும் மோசம். எத்தனை வரிகள் போயின என்று கருவி சொல்லாது. பல த்ரெட்கள் (ஜேமீட்டரில் ஒரு த்ரெட் என்பது ஒரு மெய்நிகர் பயனர்) ஒரே கோப்பிலிருந்து மாறி மாறி எடுப்பதால், எடுத்த வரிகள் எல்லாம் பயன்பட்டனவா, சில த்ரெட்கள் எடுத்துக்கொண்டு அடுத்த அடி வைப்பதற்குள் நிறுத்தப்பட்டனவா என்பதும் தெரியாது. பாதுகாப்பாகக் கொஞ்சம் கூடுதலாக வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை வைத்து ஓட்ட வேண்டும். இல்லையென்றால் தரவுத்தளத்தையே பழைய நிலைக்கு மீட்டுத் தரும்படி டிபிஏவின், அதாவது தரவுத்தள நிர்வாகியின் இருக்கைக்குப் போய் நிற்க வேண்டும். அவருக்கு நம்மைக் கண்டாலே ஆகாது. அதில் நியாயமும் இருக்கிறது.

இந்த மறதியைப் பன்மடங்காக்குவது கருவியின் இயல்பு நிலை அமைப்பு. கோப்பு முடிந்ததும் முதலிலிருந்து சுற்று என்பது 'ஆம்' என்றும், முடிந்ததும் த்ரெட்டை நிறுத்து என்பது 'இல்லை' என்றும் வருகிறது. ஆயிரம் கூப்பன் கொடுத்தால், ஆயிரத்தோராவது ஆளுக்கு முதல் கூப்பன் மறுபடி போகும், சத்தமில்லாமல். சுற்றுவதை நிறுத்திவிட்டு இரண்டாவதை அப்படியே விட்டால் வேறொரு கூத்து: தரவு தீர்ந்ததும், வரியின் மதிப்புகளை ஏந்தும் மாறிகளில் கோண அடைப்புக்குறிக்குள் இஓஎஃப் (கோப்பு முடிந்தது) என்ற மூன்று எழுத்தை நிரப்பிவிட்டு ஓட்டம் பாட்டுக்குத் தொடரும். ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் சோதனைத் தளத்தில் இஓஎஃப் என்ற பெயரில் புதிய வாடிக்கையாளர்கள் நூற்றுக்கணக்கில் பதிவாகிக் கிடந்ததைப் பார்த்தேன். ஒவ்வொருவருக்கும் வரவேற்புக் கடிதம் வேறு தயாராகியிருந்தது.

காட்லிங் என்ற மற்றொரு சுமைச் சோதனைக் கருவியில் பழகியவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அங்கே இயல்பு நிலை வரிசை முறை. தரவு தீர்ந்தால் கூச்சல் போட்டுவிட்டு மொத்த ஓட்டமும் நின்றுவிடும். நாள் கெட்டுப்போகலாம், அறிக்கை கெட்டுப்போகாது. ஜேமீட்டரில் இந்த இரண்டு பெட்டிகளையும் தலைகீழாக மாற்றி வைத்த பிறகே மற்ற வேலை என்பது எங்கள் குழுவில் எழுதப்படாத சட்டம்.

சுற்றுவதில் இன்னொரு சங்கடமும் உண்டு. குறைந்த பயனர்களை வைத்து நீண்ட நேரம் ஓட்டினால், அந்தச் சிலருடைய தரவு மட்டும் தரவுத்தளத்தின் நினைவகத்தில் சூடாக உட்கார்ந்துகொள்ளும். வட்டிலிருந்து படிக்கும் வேலையே இருக்காது. அப்படிக் கிடைத்த எண்களைக் காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டு, நிஜப் பயனர்கள் வந்து நிற்கும்போது திருதிருவென்று விழிக்க வேண்டியதுதான்.

பல இயந்திரங்களில் ஓட்டும்போது மறதி தொற்றுநோயாகிவிடுகிறது. ஜேமீட்டர் தொலைவில் உள்ள இயந்திரங்களுக்குச் சோதனைத் திட்டத்தை அனுப்பும். தரவுக் கோப்பை அனுப்பாது. ஒவ்வொன்றிலும் நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். எங்களைப் போல ஐந்து இயந்திரங்கள் இருந்து, எல்லாவற்றிலும் ஒரே கோப்பை வைத்தால் எல்லாம் முதல் வரியிலிருந்து தொடங்கும். ஒரே பயனர் ஐந்து இடத்திலிருந்து ஒரே நொடியில் உள்ளே நுழைவார். ஒருவருக்கு ஓர் அமர்வு மட்டும் என்று இருக்கும் செயலியில் நான்கு பேர் வெளியே தள்ளப்படுவார்கள். எனவே கோப்பைப் பிரிக்க வேண்டும். லினக்ஸின் ஸ்ப்ளிட் கட்டளை நொடியில் பிரித்துத் தரும். ஆனால் தலைப்பு வரி முதல் துண்டோடு போய்விடும். மாறிப் பெயர்களுக்கான கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால், இரண்டாவது இயந்திரம் தன் துண்டின் முதல் வரியையே தலைப்பாக எடுத்துக்கொள்ளும். 'பயனர்' என்று ஒரு மாறி இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு வாடிக்கையாளரின் பெயரில் மாறி பிறந்திருக்கும். ஸ்கிரிப்ட் தேடும் மாறி கிடைக்காததால் டாலர் குறியும் வளைந்த அடைப்புக்குறியும் சேர்ந்த அந்தச் சரமே அப்படியே சர்வருக்குப் போகும். சர்வர் பதிவேட்டில் டாலர் குறியோடு ஒரு பயனர் பெயரைப் பார்த்தால் வேறெங்கும் தேட வேண்டாம், இதுதான். சரி, கட்டத்தில் பெயர்களை நிரப்பிவிட்டு, முதல் வரியைத் தவிர்க்கும்படி சொன்னால்? தலைப்பே இல்லாத மற்ற நான்கு துண்டுகளிலும் ஓர் உண்மையான பயனரை விழுங்கிவிடும். தலைப்பை முதலிலேயே வெட்டிவிட்டுப் பெயர்களைக் கட்டத்தில் எழுதுவதுதான் தீர்வு.

இனி எக்செல். நண்பரின் கேள்வியில் "அதை சிஎஸ்வி ஆக்கி" என்று போகிற போக்கில் வரும் மூன்று சொற்களுக்குள்தான் எங்கள் வேலையில் பாதி இருக்கிறது. எக்செல் எண்களில் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். சோதனை அட்டை எண்ணாக எல்லோரும் பயன்படுத்தும் 4111111111111111 என்பதை ஒரு கட்டத்தில் ஒட்டுங்கள். கடைசி 1 பூஜ்யமாகியிருக்கும். திரையில் தெரிவது 4.11111E+15. சிஎஸ்வியாகச் சேமித்தால் திரையில் தெரியும் அந்தக் கோலமே கோப்புக்குள் போகும். மீட்டெடுத்து முழு எண்ணாக விரித்தாலும் கடைசி இலக்கம் திரும்பாது. அட்டை எண் செல்லுமா என்று இலக்கங்களைக் கணக்கிட்டுப் பார்க்கும் லூன் சரிபார்ப்பில் அந்த எண் தோற்கும். கணக்கு எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் உதிரும். 12 இலக்க அடையாள எண்கள் E+11 ஆகச் சுருங்கும். வெறும் சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகும். எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யுடிஎஃப்-8 என்ற வடிவத்தைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இது நமக்கு மட்டும் உள்ள தலைவலி என்று நினைத்துவிடாதீர்கள். மார்ச்1, செப்ட்1 என்பது போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு 2020-ல் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. தானாக மாற்றுவதை அணைத்து வைக்கும் வசதி எக்செலில் 2023-ல்தான் வந்தது. நான் தூக்கிப் போட்ட ஓட்டமும் இந்த வகைதான். தரவுத்தளத்திலிருந்து சுத்தமாக எடுத்த கோப்பை, போகிற வழியில் யாரோ "சும்மா திறந்து பார்த்து" சேமித்திருக்கிறார்கள். திறந்து பார்ப்பதற்கு நோட்பேட் இருக்கிறது ஐயா.

இன்னொன்று சுருக்கமாக: வரி மாறுவது ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்தில்தான். சிஎஸ்வி டேட்டா செட்டை வெளியே வைத்துவிட்டு, உள்ளே ஒரு பகுதியை மட்டும் திரும்ப ஓட்டும் லூப் கன்ட்ரோலர் வைத்துப் பத்து முறை சுற்றினாலும் அதே வரிதான் வரும். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் இதில் ஒருமுறை முட்டிக்கொள்வார்கள்.

இவ்வளவு திட்டிய பிறகு ஒன்றைப் பாராட்டாமல் விட்டால் பாவம். ஜேமீட்டரின் யூசர் ப்ராப்பர்டீஸ் என்ற அமைப்புக் கோப்பில் சாம்பிள் வேரியபிள்ஸ் என்று ஓர் அமைப்பு உண்டு. அதில் மாறியின் பெயரை எழுதிவிட்டால், முடிவுக் கோப்பின் ஒவ்வொரு வரியிலும் அந்த மாறியின் மதிப்பும் பதிவாகும். அதாவது எந்தக் கோரிக்கை எந்தப் பயனருடையது என்பது தெரிந்துவிடும். கணக்கு அறிக்கைப் பக்கம் சராசரியில் நன்றாக இருந்து, 95-ஆவது சதமானத்தில் (நூற்றில் மிக மெதுவான ஐந்து பதில்கள் தொடங்கும் எல்லை) மட்டும் தாறுமாறாக ஏறிய ஒரு சோதனை நினைவிருக்கிறது. சர்வர்க்காரர்கள் வலையமைப்பைக் குறை சொன்னார்கள், வலையமைப்புக்காரர்கள் சர்வரைக் குறை சொன்னார்கள். முடிவுக் கோப்பை வாடிக்கையாளர் எண்ணின்படி பிரித்துப் பார்த்தால், மெதுவான பதில்கள் எல்லாம் திரும்பத் திரும்ப ஒரு சின்னக் கூட்டத்துக்கே உரியவை. எல்லோரும் பல ஆண்டுப் பரிவர்த்தனைகள் குவிந்த வணிகக் கணக்குகள். பக்கம் பக்கமாகப் பிரிக்காமல் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு வரும் ஒரு வினவல் மாட்டிக்கொண்டது. செலவான வரிகளைக் கண்டுபிடிக்கவும் இப்போது இதைத்தான் நம்பியிருக்கிறேன்: முடிவுக் கோப்பில் உள்ள எண்களை மூலக் கோப்பிலிருந்து கழித்தால் மிச்சம் கிடைக்கும். கருவி வைக்காத கணக்கை அதன் அறிக்கையிலிருந்தே பிடுங்கிக்கொள்கிறோம்.

மாற்று இல்லையா என்றால், இருக்கிறது. ஜேமீட்டர் செருகுநிரல்களில் சிம்பிள் டேபிள் சர்வர் என்று ஒன்று. கோப்பை ஓரிடத்தில் ஏற்றி வைத்து, எல்லா இயந்திரங்களும் ஹெச்டிடிபி வழியாக அங்கே வந்து வரியைக் கேட்டு வாங்கிப் போகும். 'கீப்' என்பதைப் 'பொய்' என்று கொடுத்தால் எடுத்த வரி பட்டியலிலிருந்து போயே போய்விடும். ஓர் ஓட்டத்தில் ரத்தான டிக்கெட் எண்ணை இன்னொரு பட்டியலில் சேர்க்கவும் முடியும். நான் கேட்டதெல்லாம் இதில் இருக்கிறது. ஆனால் அத்தனையும் நினைவகத்தில் இருப்பதால் சேமிக்கும்படி நாம் சொல்ல வேண்டும். சொல்வதற்குள் அந்தச் செயல்முறை நின்றால் கணக்கும் போயிற்று. பதில் ஒரு ஹெச்டிஎம்எல் பக்கமாக வரும், அதிலிருந்து மதிப்புகளைப் பிய்த்தெடுக்க ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் (வாசகத்தில் ஒரு வடிவத்தைத் தேடும் சூத்திரம்) வேண்டும். தரவு கேட்கும் கோரிக்கைகளும் அறிக்கையில் கலந்துவிடாமல் ஒதுக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கும் கருவியான லோட்ரன்னரில் தனித்த வரி, தீர்ந்தால் நிறுத்து, ஒவ்வொரு பயனருக்கும் இத்தனை வரி என்ற ஒதுக்கீடு எல்லாம் ஒரே திரையில் இருக்கின்றன. அதன் டேபிள் சர்வர் இந்த வேலைக்கென்றே பிறந்தது. உரிமக் கட்டணத்தைப் பார்த்தால்தான் நமக்கு மறதி ஒன்றும் அவ்வளவு பெரிய குறையில்லை என்று தோன்றும்.

நண்பருக்கு என் பதில்: வாங்கிவிடுங்கள். உங்கள் சோதனைகளில் பாதிக்கு மேல் தீர்ந்துபோகும் தரவு என்றால், நிறுவனம் பணம் தரத் தயாராகவும் இருந்தால், யோசிக்கவே வேண்டாம். சிஎஸ்வி டேட்டா செட்டுக்கு இன்றைக்கு நான் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் தருவேன். போன மாதம் கேட்டிருந்தால் நான்கு தந்திருப்பேன். எங்கள் குழுவில் மாற்றுகிற உத்தேசம் எதுவும் இல்லை. அடுத்த வார ஓட்டத்துக்கும் இதுதான், அதே இரண்டு பெட்டிகளைத் தலைகீழாக்கி, அதே ஐந்து துண்டுகளாக. கணக்கு எண்களை மட்டும் இந்த முறை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டாம், தரவுத்தளத்திலிருந்து நேராக எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். அனுமதி கிடைக்கவில்லை, எக்செல் தாள் வந்திருக்கிறது.